எப்சி வரைந்த செயின்

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எப்சிக்கு வாசனை வந்துவிட்டது.

"அப்பா, அங்கனயே நில்லுங்க!"

நல்லதம்பி நின்றார். தென்காசியில் ஆட்டோ ஓட்டுபவர் அவர். எத்தனையோ போலீஸ்காரர்கள் கைகாட்டி நிறுத்தியும் அசராதவர், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் கைகாட்டியதும் திருதிருவென்று விழித்தார்.

எப்சி கிட்டே போய் அவர் சட்டையில் மூக்கை வைத்து ஓர் இழு இழுத்தாள்.

"மிளகாய் பஜ்ஜி."

"சேச்சே! பஜ்ஜிக் கடை ஓரமா வண்டிய நிப்பாட்டினேன் மோளே. புகை அடிச்சிருக்கும்."

"புகை அடிச்சா மீசையில கடலைமாவு ஒட்டுமாப்பா?"

அப்பாவின் கை சட்டென்று மீசைக்குப் போனது. மீசையில் ஒன்றுமே இல்லை. ஆனால் கை போய்விட்டதே! உள்ளே தையல் மிஷினில் இருந்த அம்மா ஜெபமலர் சிரித்த சிரிப்பில் ஊசியில் நூல் அறுந்துபோனது. ஆறு வயதுத் தம்பி ஜெனோ, "அப்பா மாட்டிக்கிட்டாரு! அப்பா மாட்டிக்கிட்டாரு!" என்று வீட்டைச் சுற்றி ஓடினான்.

"ஒரே ஒரு பஜ்ஜிதாம்ட்டி," என்றார் அப்பா பாவமாக. "சாரல் விழுது, காத்து அடிக்குது. சட்டியில போட்டு எடுக்குதான். மனுசன் எப்படித் தாங்குவான்?"

"அபராதம் ரெண்டு ரூபா," என்று எப்சி கையை நீட்டினாள்.

எப்சி என்கிற எப்சிபா அந்த வீட்டு நிதியமைச்சர். பதவி கொடுத்தவரே அப்பாதான். கொடுத்த நாளிலிருந்து, ஏன் கொடுத்தோம் என்று அவர் யோசிக்காத நாளில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் ஜூலையில் அப்பாவின் ஆட்டோ எஞ்சின் காலை வாரிவிட்டது. அதே மாதம் அடித்த காற்றில் வீட்டுக் கூரைத் தகடு ஒன்று பறந்து பக்கத்துத் தெருவில் போய் உட்கார்ந்துகொண்டது. கையில் பணம் இல்லை. அம்மா தன் கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுத்தார். அப்பா அதை பேங்கில் அடகு வைத்தார். அசலும் வட்டியுமாக நாற்பதாயிரம் ரூபாய் கட்டினால்தான் செயின் திரும்ப வரும். ஜூலை முப்பத்தொன்றுதான் கடைசி நாள். தவறினால் ஏலம்.

அன்று எப்சி ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு செயின் வரைந்தாள். அதில் நாற்பது வளையங்கள். ஒவ்வோர் ஆயிரம் கட்டியதும் ஒரு வளையத்துக்கு மஞ்சள் வண்ணம் அடிக்க வேண்டும். அதைச் சுவரில் ஒட்டிவிட்டு, "இது முழுக்க மஞ்சளாகுற வரைக்கும் நான் சொல்லுததுதான் சட்டம்," என்றாள்.

முதல் சட்டம், அப்பாவுக்குக் கடை டீ கிடையாது. அம்மா ஃபிளாஸ்க்கில் ஊற்றித் தருவார். ஒரு நாளைக்கு நாலு டீ என்றால் ஒரு மாதத்தில் அது எவ்வளவு என்று எப்சி கணக்குப் போட்டுக் காட்டியபோது அப்பாவுக்கே தலை சுற்றியது. பள்ளிக்கூடத்துக்கு மிட்டாய், நொறுக்குத்தீனிப் பாக்கெட் எல்லாம் போய், வறுத்த நிலக்கடலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பரோட்டா பார்சல் நின்றது. ஜெனோவின் பிறந்தநாளுக்கு அம்மா இட்லிச் சட்டியிலேயே கேக் செய்தார். அது கொஞ்சம் இட்லி மாதிரிதான் இருந்தது. ஆனாலும் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

இப்படியே முப்பத்து நாலு வளையங்கள் மஞ்சளாகிவிட்டன. பாக்கி ஆறு. இருப்பது பன்னிரண்டு நாள்.

"ஆறாயிரம் எம்மாத்திரம்?" என்றார் அப்பா, அபராத ரெண்டு ரூபாயை டப்பாவில் போட்டுக்கொண்டே. "சீசன் களைகட்டிட்டு. சனி, ஞாயிறுக்குக் கூட்டம் அலைமோதும். வார சனி, ஞாயிறு ரெண்டு நாள் ஓட்டினாலே மூவாயிரம் தேறும். மத்த நாளு மூவாயிரம். முடிஞ்சுது சோலி!"

அப்போதுதான் போன் அடித்தது.

தூத்துக்குடி அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா.

"ஏலே தம்பி! குத்தாலத்துல தண்ணி பொத்துக்கிட்டு ஊத்துதாமே! வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்குதோம். திங்கக்கிழமை விடிய கெளம்பிருவோம். மொத்தம் பதினோரு பேரு!"

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வாங்கக்கா, வாங்க! நம்ம வீடு இருக்கு, நம்ம வண்டி இருக்கு. என்ன கவலை!" என்றார்.

போனை வைத்தார். அப்புறம்தான் சுவரைப் பார்த்தார். மஞ்சள் அடிக்காத ஆறு வளையங்களும் அவரையே பார்த்தன.

குற்றால அருவிக்குப் பக்கத்தில் வீடு இருப்பது பெரிய பாக்கியம்தான். ஆனால் ஜூன் பிறந்துவிட்டால் அந்தப் பக்கத்து வீடுகளில் பாயும் தலையணையும் வெயிலுக்கு வந்துவிடும். மழை மேகம் வருகிறதோ இல்லையோ, வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். வந்தவர்களுக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது. முக்கியமாக, நல்லதம்பி வைக்கமாட்டார். வருஷா வருஷம் அத்தை கூட்டத்தை ஆட்டோவில் நடை நடையாக அருவிக்கு ஏற்றிப் போவார். செங்கோட்டைப் பக்கம் கூட்டிப்போய் பரோட்டாவும் கோழியும் வாங்கிக் கொடுப்பார். கிளம்பும்போது ஆளுக்கொரு நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் வேறு.

பதினோரு பேர் யார் யார் தெரியுமா? அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள் மூன்று பேர். மாமாவின் தம்பி, தம்பி மனைவி, அவர்கள் பிள்ளைகள் மூன்று பேர். பதினோராவது ஆள், அத்தையின் பக்கத்து வீட்டு டீச்சர். அவர் ஏன் வருகிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

அம்மா மெதுவாகக் கேட்டார். "ஏங்க, சனி, ஞாயிறு சவாரியும் போச்சு. செலவு வேற. எங்கன போயிப் பணத்துக்கு நிக்கப் போறீய?"

"ஸ்டாண்டுல ஒருத்தர் வட்டிக்குக் குடுக்காரு. சவாரி போனதுக்கு மூவாயிரம், செலவுக்கு நாலாயிரம், ஆக ஏழாயிரம் வாங்கிருவோம்."

எப்சி பென்சிலை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள்.

"என்னட்டி செய்யுத?"

"அந்த ஏழாயிரத்துக்கு இன்னும் ஏழு வளையம் வரையணும்லாப்பா. தாள்ல இடம் இல்ல. சுவத்துலயே வரையவா?"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரலை விறைப்பாக்கிக்கொண்டு, "அக்காகிட்ட கடன் விஷயத்தை யாரும் மூச்சு விடக்கூடாது. விட்டா எனக்கு மரியாதை இல்ல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எப்சி அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. அவ்வளவு நல்ல திட்டமில்லை.

"அத்தை, நான் எப்சி பேசுதேன்."

"சொல்லுட்டி தங்கம். ஒரு சோலியா வெளியில நிக்கேன். சட்டுன்னு சொல்லு."

"அத்தை, அருவியில தண்ணியே இல்ல. வெறும் பாறை காயுது. சாரலும் நின்னு போச்சு. நீங்க வந்தா ஏமாந்துருவீய."

மறுமுனையில் அத்தை கடகடவென்று சிரித்தார். "ஏட்டி, ஒங்கப்பன் காலையில ஸ்டேட்டஸ் வச்சிருக்கானே! ஐந்தருவியில அஞ்சுலயும் தண்ணி கொட்டுது. கீழ 'ஆட்டோவுக்கு அழைக்கவும்'னு நம்பரும் போட்டிருக்கான்!"

எப்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்பாவின் ஸ்டேட்டஸை மறந்தே போனாளே!

அத்தையின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "நாங்க வாரது ஒனக்குப் பிடிக்கலையா தங்கம்?"

இதற்கு எப்சி தயாராகவே இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு அத்தை தன் கையால் பூ வேலை செய்து அனுப்பிய கவுன் கண்முன்னே வந்து நின்றது. அத்தையைப் பிடிக்காமல் இருக்குமா? அத்தை வந்தால் வீடே சிரிக்குமே! வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பிடிக்கும் அத்தை. ரொம்பப் பிடிக்கும். நான் பொய் சொல்லிட்டேன். தண்ணி நல்லா விழுது. நீங்க எல்லாரும் வாங்க. டீச்சரையும் கூட்டிட்டு வாங்க. ஆனா..."

ஆனா என்ன? கடனைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். இன்னொரு பொய் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை.

அந்த நேரம் பார்த்து முருங்கை மரத்தடியில் ஜெனோவின் கூட்டாளிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று கல் வைத்து, தேங்காய்ச் சிரட்டையை ஏற்றி, கூட்டாஞ்சோறு ஆக்குகிறார்களாம். ஒருத்தன் அரிசி கொண்டுவந்திருந்தான். ஒருத்தி பருப்பு கொண்டுவந்திருந்தாள். சும்மா வந்த ஒருத்தனைப் பார்த்து ஜெனோ கத்தினான்: "வெறுங்கையோட வந்தா அடுப்பு ஊதணும்லே! அதான சட்டம்!"

எப்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆனா, இந்த வருசம் நம்ம வீட்டுல கூட்டாஞ்சோறு அத்தை! விளையாட்டுக்கு இல்ல, நெசமான கூட்டாஞ்சோறு. ஆளுக்கொரு சாமான் கொண்டுவரணும். வீட்டுல இருக்கதுதான் கொண்டுவரணும், கடையில வாங்கப்பிடாது. வெறுங்கையோட வந்தவங்க அடுப்பு ஊதணும்!"

போனில் ஒரு வண்டி ஹாரன் மட்டும் கேட்டது.

"அத்தை? இருக்கீயளா?"

"இருக்கேன்," என்றார் அத்தை. குரல் என்னவோ போல இருந்தது. "நல்ல யோசனைட்டி. இந்தா, வீட்டுக்குத் திரும்புதேன். போயி எல்லாருகிட்டயும் சொல்லுதேன்."

சாயங்காலம் இதைக் கேட்டதும் அப்பா குதியோ குதி என்று குதித்தார்.

"விருந்தாளிககிட்ட போயி அரிசி கேட்டியாட்டி? என் மானத்தைக் கப்பலேத்திட்டியே!"

"அவா என்ன கையேந்தியா கேட்டா?" என்றார் அம்மா. "சேந்து ஆக்கித் திங்கலாம்னு சொல்லிருக்கா. அதுல என்ன மானக்கேடு?"

"எங்க அக்கா மூஞ்சி ஒரு சுழி சுழிக்கட்டும். அந்த நிமிசமே ஸ்டாண்டுக்குப் போயி ஏழாயிரத்தை வாங்கிட்டு வந்துருவேன். பாத்துக்கோங்க!"

எப்சிக்கு உள்ளுக்குள் தைரியம் இருந்தது. அத்தை மூஞ்சி சுழிக்கிற ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினோரு பேரும் ரயிலில் வந்து இறங்கினார்கள். எப்போதும் வாடகை வேனில் வந்து இறங்கி, வேனைத் திருப்பி அனுப்பிவிடுகிறவர்கள் இந்தத் தடவை ரயிலில் வந்ததே அப்பாவுக்கு ஆச்சரியம். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை நடுவீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, "நிதியமைச்சர் எங்கட்டி? சாமானைச் சரிபாக்க வரச் சொல்லு!" என்றார்.

அப்பா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சுழிக்கிறதா, சுழிக்கிறதா? அத்தையின் முகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒருத்தி அரிசி கொண்டுவந்திருந்தாள். ஒருத்தன் துவரம்பருப்பு. ஒருத்தி பையில் சின்ன வெங்காயம். மாமா சணலில் கட்டிய கருவாட்டை நீட்டியதும் தெருப் பூனைகள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டன. டீச்சர் தன் வீட்டு மரத்தில் பறித்த மாங்காய்களைக் கொடுத்தார். அவர் ஏன் வருகிறார் என்று இனி யாரும் கேட்கமாட்டார்கள்.

கடைசியாக மாமாவின் தம்பி மகன், நாலு வயதுப் பொடியன் வந்தான். கையில் ஒரு காகிதப் பொட்டலம். அதைத் தூத்துக்குடியிலிருந்து யார் கையிலும் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே வந்ததில் பொட்டலம் நசநசவென்று நனைந்திருந்தது.

"உப்பு," என்றான்.

ஜெனோ சிரிக்க வாயைத் திறந்தான். எப்சி அவன் காலை மிதித்தாள். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இதான் முக்கியமான சாமான். நீ இல்லைன்னா சமையலே நடக்காது," என்றாள். பொடியன் அன்று இரவு முழுக்க மார்பை நிமிர்த்தியே நடந்தான்.

"சரி, சரி," என்று அப்பா தொண்டையைச் செருமினார். "காலையில அஞ்சு மணிக்கு வண்டிய எடுக்குதேன். மூணு நடையா எல்லாரையும் ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

"வண்டி வேண்டாம்ப்பா," என்றாள் எப்சி. "டவுன் பஸ்ல போவோம். பொம்பளைகளுக்கு டிக்கெட்டே கிடையாது."

"அட, ஆமால்லா!" என்று டீச்சர் கைதட்டினார்.

"சீசன் சனிக்கிழமை, நீ சவாரியப் பாரு மாப்ள," என்றார் மாமா. "எங்களுக்குக் கால் இருக்கு, பஸ் இருக்கு, கூட்டிட்டுப் போக எப்சி இருக்கா."

அப்பா கையிலிருந்த வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார்.

விடியற்காலை முதல் பஸ்ஸில் போனதால் ஐந்தருவியில் கூட்டமில்லை. வரிசையும் இல்லை. தலைக்கு எண்ணெய் வீட்டிலிருந்தே போயிருந்தது. தண்ணீருக்கடியில் நின்ற அத்தை, "யேசப்பா! யேசப்பா!" என்று போட்ட கூச்சல் மலை மேல் வரை கேட்டிருக்கும். பொடியனைக் குளிக்க வைப்பதற்குள் ஒரு பாடு. அப்புறம் அவனை வெளியே கொண்டுவருவதற்குள் இரண்டு பாடு.

குளித்துவிட்டு வந்து எல்லாரும் வெடவெடவென்று நடுங்கினார்கள். பக்கத்துக் கடையில் எண்ணெய்ச் சட்டி கொதித்தது. மிளகாய் பஜ்ஜியின் மணம் காற்றில் மிதந்து வந்தது. மாமாவின் மூக்கு அந்தப் பக்கம் தானாகத் திரும்பியது.

"கவலைப்படாதீய. எல்லாம் கையில இருக்கு," என்று எப்சி ஃபிளாஸ்க்கைத் திறந்து சுக்குக் காப்பி ஊற்றினாள். "சுண்டலும் இருக்கு. ஏ ஜெனோ, அந்தத் தூக்குவாளிய எடு."

ஜெனோ எடுக்கவில்லை. ஜெனோவுக்கு முன்னால் ஒரு குரங்கு எடுத்துவிட்டது.

பாறை மேல் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, நம் வீட்டு ஆள் மாதிரியே சுண்டலை அள்ளி அள்ளித் தின்றது அது. இன்னும் இரண்டு குரங்குகள் பங்குக்கு வந்தன. வெறும் வாளி உருண்டு வந்து எப்சியின் காலடியில் நின்றது.

எல்லாரும் எப்சியைப் பார்த்தார்கள். எப்சி குரங்கைப் பார்த்தாள். பஜ்ஜிச் சட்டியைப் பார்த்தாள். குளிரில் பல் கிட்டிக்க நின்ற பொடியனைப் பார்த்தாள். சிக்கனம் எதற்கு? வீட்டில் இருக்கிறவர்கள் சந்தோஷமாக இருப்பதற்குத்தானே!

"ஆளுக்கொரு பஜ்ஜி," என்றாள். "நிதியமைச்சர் அனுமதி குடுத்தாச்சு!"

அவர்கள் போட்ட சத்தத்தில் குரங்குகள் மரத்துக்கு ஓடிவிட்டன. காசை மாமா கொடுத்தார். எப்சி தனக்கு வந்த பஜ்ஜியைக் கடித்தாள். சூடும் காரமுமாக உள்ளே இறங்கியதும், அப்பா தடுமாறியதில் தப்பே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ரெண்டு ரூபாய் அபராதம் கொஞ்சம் அதிகம்தான்!

வீட்டுக்கு வந்ததும் பின்வாசலில் மூன்று கல் கூட்டி, பெரிய பானையை ஏற்றினார்கள். அம்மாவும் அத்தையும் காய் நறுக்கினார்கள். பிள்ளைகள் முருங்கைக்கீரை ஆய்ந்தார்கள். மாமாவின் தம்பி, தான் கொண்டுவந்த வாழைக்காயை ரயிலிலேயே விட்டுவிட்டதால், அடுப்பு ஊதினார். அரிசி, பருப்பு, காய், கீரை, அரைத்த தேங்காய் எல்லாம் ஒன்றாகக் கொதித்தன.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார். கொதிக்கிற மணம் அவரைத் தெரு முனையிலேயே பிடித்துக்கொண்டது. பின்வாசலில் கால் வைத்ததும் ஜெனோ கத்தினான்:

"அப்பா வெறுங்கை! அப்பா வெறுங்கை!"

"ஏலே, நான் வீட்டுக்காரன்லே!"

"சட்டம்னா சட்டம்தான்," என்றார் அத்தை. "ஊதுலே தம்பி!"

நல்லதம்பி குனிந்து ஊதினார். குப்பென்று புகை கிளம்பி முகத்தில் அடித்தது. கண்ணிலிருந்து தாரைதாரையாகத் தண்ணீர் வந்தது. இருமினார், தும்மினார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ஒரு வாரமாக அவர் முகத்தில் இருந்த விறைப்பு போன இடம் தெரியவில்லை.

பொடியனை எல்லாரும் தூக்கிப் பிடிக்க, அவன் உப்பைப் போட்டான். அப்பா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். "உப்பு சரியா இருக்கா மாமா?" என்று பொடியன் மூன்று தடவையும் கேட்டான்.

"இதைவிடச் சரியா யாராலயும் போட முடியாதுய்யா," என்றார் அப்பா. பிறகு கை கழுவிவிட்டுச் சவாரிக்குக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்த கையோடு வண்டியை எடுத்துவிட்டார். கூட்டம் சும்மா விடவில்லை. இரண்டு நாளில் மூவாயிரத்து இருநூறு!

ஞாயிறு சாயங்காலம் அத்தை பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா சேரில் சாய்ந்திருந்தார். அத்தையின் கண் சுவரில் விழுந்தது.

"இது என்னட்டி படம்? முக்காவாசி மஞ்சளு, மிச்சம் வெள்ளை?"

எப்சி வாயை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் ஜெனோவுக்கு மூடத் தெரியாது.

"அது அம்மா செயின் அத்தை! பேங்குல இருக்கு. முழுக்க மஞ்சளானா வந்துரும். ஆகலைன்னா ஏலம்!"

அப்பா தரையைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

அத்தை எழுந்துபோய் வளையங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிக்கப்பிடாது. வருசா வருசம் வேன் பிடிச்சு வாரோமே, அது எங்க காசு இல்லலே. வட்டிக்கு வாங்கித்தான் வந்தோம். நீ அவ்வளவு செய்யுத. நாங்க ரயில்ல வந்து நின்னா ஒனக்குக் கேவலமா இருக்கும்னு நெனச்சேன்."

அப்பா நிமிர்ந்தார். "என்னக்கா சொல்லுதீய? வேனுல வாரீயளே, ஒங்களுக்குப் பரோட்டா வாங்கிக் குடுக்காம இருந்தா கேவலமேன்னுல்லா நான் கடன் வாங்க நின்னேன்!"

"போன வருசத்து வேன் காசே இன்னும் தீரல. இந்த வருசமும் போனேன்," என்றார் அத்தை. "வட்டிக்காரர் வீட்டு வாசல்ல நிக்கேன். கதவைத் தட்டக் கையை ஓங்கிட்டேன். அப்பம் போன் அடிச்சுது." அவர் எப்சியை இழுத்து அணைத்துக்கொண்டார். "'அருவியில தண்ணியே இல்ல அத்தை'ன்னு இவா ஒரு புளுகு. அப்புறம் கூட்டாஞ்சோறு. தட்டாமலே திரும்பி வந்துட்டேன்."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக ஒருவருக்குப் பயந்து ஒருவர் கடன் வாங்கிக்கொண்டிருந்த கதை புரிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, டீச்சர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"எனக்கும் ஒரு படம் வரைஞ்சு தாட்டி," என்றார் அத்தை. "செயின் வேண்டாம். மீன் போடு. வேன் கடன் பன்னிரண்டாயிரத்துக்கு மொத்தம் பன்னிரண்டு மீன்."

எப்சி காலண்டரில் இன்னொரு தாளைக் கிழித்தாள். பன்னிரண்டு மீன்களும் வாயைத் திறந்து சிரிப்பதுபோல வரைந்தாள். சிப்ஸ் பொட்டலத்துக்குப் பதிலாக அத்தை அந்தத் தாளைத்தான் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை முப்பதாம் தேதி. அப்பாவின் சவாரிப் பணத்தோடு அம்மா தையல் கூலி இருநூறை மேலே போட்டார். ஆறாயிரம் முழுதாகச் சேர்ந்தது. அப்பாவும் அம்மாவும் பேங்குக்குப் போனார்கள். எப்சியும் ஜெனோவும் பள்ளிக்கூடம் விட்டு ஓட்டமாக ஓடிவந்தபோது அம்மா வாசலில் நின்றார். கழுத்தில் செயின் மின்னியது. அம்மா எப்சியின் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். செயின் அம்மாவின் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. எப்சிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

கடைசி ஆறு வளையங்களுக்கும் ஜெனோதான் வண்ணம் அடித்தான். அடித்த வேகத்தில் சுவரிலும் பாதி மஞ்சளானது.

அம்மாவின் போன் கிணுங் என்றது. தூத்துக்குடியிலிருந்து ஒரு படம் வந்திருந்தது. பன்னிரண்டு மீன்களில் முதல் மீன் பளபளவென்று நீலமாக இருந்தது.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்பா செருப்பைக் கழற்றினார். எப்சியின் மூக்கு விடைத்தது.

"அப்பா! பஜ்ஜியா?"

"ஆமாட்டி, பஜ்ஜிதான்!" என்று சொல்லி, முதுகுக்குப் பின்னாலிருந்து சூடான பொட்டலத்தை எடுத்து நீட்டினார் அப்பா. "எண்ணிப் பாத்துக்கோ. நம்ம நாலு பேருக்கும் நாலு!"